மணல்மேட்டுப் பழமும் மசியாத கிருமியும்

1816ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில், டென்னிஸ் என்ற ஊர்க்காரரான ஹென்றி ஹால் தன் நிலத்தில் ஒரு வேடிக்கையைக் கண்டார். கடல்மணல் பறந்துவந்து மூடிய இடத்தில்தான் கிரான்பெரிக் கொடிகள் செழித்தன. பிறகு மணலைத் தானே தூவிப் பயிரிட்டார். வாம்பனோக் பழங்குடிகள் அதற்கு வெகுகாலம் முன்பே சதுப்புகளில் பறித்து உண்டுவந்த பழம்தான் அது. நம் களாப்பழம்போலச் சிவந்திருக்கும். கடித்தால் பல் கூசும்.

சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு அந்தப் புளிப்பிலேயே மருந்து இருக்கிறது என்றுதான் மருத்துவர்களும் முதலில் நம்பினார்கள். கிரான்பெரி உண்டால் சிறுநீரின் அமிலத்தன்மை கூடுகிறது என்று 1914இல் பிளாதர்விக் என்ற ஆய்வாளர் எழுதினார். அமிலத்தில் கிருமி வாழாது என்ற எண்ணம் அரை நூற்றாண்டு ஓடியது. கணக்குப் பார்த்தபோதுதான், கிருமியைக் கொல்லும் அளவுக்கு அமிலம் ஏற, குடித்துத் தீராத சாறு வேண்டியிருக்கும் என்று புரிந்தது. அதற்குள் சல்ஃபா மருந்துகளும் ஆன்டிபயாடிக்குகளும் வந்துவிட்டன. பழச்சாறு கைவைத்தியமாகச் சுருங்கியது.

அதைத் திரும்ப ஆய்வுக்கூடத்துக்கு இழுத்து வந்தவர் ஓஹையோ மாநிலத்தின் அந்தோனி சொபோட்டா. சாறு ஈ.கோலை கிருமியைக் கொல்லவில்லை, ஒட்டவிடாமல் செய்கிறது என்று 1984இல் அவர் காட்டினார். சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான அந்தக் கிருமி, உடம்பெங்கும் நீட்டியிருக்கும் நுண்ணிழைகளால் பாதையின் சுவரைப் பற்றிக்கொண்டுதான் பெருகும். பிடி நழுவினால் சிறுநீரோடு வெளியேறிவிடும். பிடியைக் கெடுப்பவை பழத்திலுள்ள புரோஆந்தோசயனிடின்கள் என்று 1998இல் ஏமி ஹவலின் குழு கண்டது. பலன் சொன்னவர்கள் ஏறக்குறைய சரி. காரணம் சொன்னவர்கள்தான் கோட்டைவிட்டார்கள்.

மருந்துக்கு மசியாத கிருமிகளிடம் இது எடுபடுமா? 2002இல் ஹவலும் ஃபாக்ஸ்மனும் அதைச் சோதித்தார்கள். 240 மில்லி கிரான்பெரிப் பானம் குடித்த பெண்களின் சிறுநீரில், நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலை வகைகளை விட்டுப் பார்த்தார்கள். வழக்கமான கோ-ட்ரைமாக்சசோல் மருந்தை எதிர்த்து நின்ற 24 வகைகளில் 19 ஒட்டும் திறனை இழந்தன. வியப்பில்லை: மருந்தை முறியடிக்கும் வித்தை வேறு, சுவரைப் பற்றும் வித்தை வேறு.

ஆனால் கண்ணாடிக் குடுவை மனித உடம்பாகாது. 1994இல் பாஸ்டனில் 153 மூதாட்டிகளிடம் நடந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. 2016இல் முதியோர் இல்லங்களில் 185 பெண்களுக்குக் கிரான்பெரி மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் பலன் இல்லை. 50 ஆய்வுகளைத் தொகுத்த 2023ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு ஆபத்து ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது என்றது. இல்லங்களில் வாழும் முதியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. இதெல்லாம் தடுப்பு பற்றிய பேச்சு. தொற்று வந்த பின் சாறு குடித்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்பதற்குச் சான்றில்லை.

1930இல் பிறந்த ஓஷன் ஸ்ப்ரே என்ற விவசாயிகள் கூட்டுறவு, இந்தத் தடுப்புப் பலனைப் பாட்டிலில் எழுத அனுமதி கேட்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கதவைத் தட்டியது. 2020இல் அனுமதி கிடைத்தது. ஆதாரம் குறைவுதான் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும் என்ற நிபந்தனையோடு.