நயினாதீவுக் கல்லும் நமது சபையின் கணக்கும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசியில் உள்ள நான்கு கேள்விகளையாவது பாருங்கள்.

சில வாரங்களுக்கு முன் தரம் 11 வகுப்பில் நயினாதீவுக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லைக் கவனித்திருப்பார்கள் தெரியாது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டு அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார்.

கல் சொல்லும் விஷயம் இதுதான். பரதேசிகள், அதாவது பிற நாட்டு வணிகர்கள், ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால், அதில் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குகள் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. இந்த விதி சந்திரர் சூரியர் உள்ளவரை நிற்கவேண்டும் என்று கல்லிலும் செம்பிலும் எழுதச் செய்ததாகவும் அது சொல்கிறது.

ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. நாங்கள் பஸ்ஸில் கடந்து போகும் அதே துறை.

பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். "100 காசு பெறுமதியான குதிரைக் கப்பல் ஒன்று உடைந்தது. பண்டாரத்துக்கு எவ்வளவு?" எல்லோரும் ஒரே குரலில் "25 சேர்!" "100 காசு பெறுமதியான துணிக் கப்பல்?" "50 சேர்!" குதிரைக்கு மட்டும் ஏன் குறைவு என்று கேட்டேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "ராசாவுக்கு யானையும் குதிரையும் தேவை சேர். கூடப் பிடிச்சால் அடுத்த முறை கொண்டுவரமாட்டாங்கள்" என்றது. கல்வெட்டிலேயே அந்தக் காரணம் இருக்கிறது. யானைகளிலும் குதிரைகளிலும் தனக்கு விருப்பம் உண்டு என்று மன்னன் சொல்கிறான். ஒரு வரியின் அளவும் அதன் காரணமும் 850 வருடங்களுக்குப் பிறகும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு விளங்குகிறது.

அடுத்த நாள் ஒரு பிரதேச சபையின் வரவு செலவுத்திட்டப் பிரதி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அது சென்ற வருடத்தது. ஒரு பிள்ளைக்கும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு நாள் எனக்கும் விளங்கவில்லை. இந்தப் பதிவை எழுதவைத்தது அந்த வெட்கம்தான்.

கல்லில் மூன்று நல்ல விஷயங்கள் உண்டு. ஒன்று, எடுக்கப்போகும் பங்கை முன்கூட்டியே சொன்னது. இரண்டு, அதை அரண்மனைக்குள் வைக்காமல் சனங்கள் பார்க்கக்கூடிய கல்லில் வெட்டியது. மூன்று, மொழி. பொலன்னறுவை மன்னனின் கட்டளை, ஆனால் இந்தக் கரையில் விளங்கவேண்டிய மொழியில் எழுதப்பட்டது. வந்த பரதேசிகள் யார் யார் என்று கல் சொல்லவில்லை. அதில் எங்கள் ஆட்களின் முன்னோரும் இருந்திருக்கலாம் என்று நினைக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஆசை வரலாறாகாது.

ஒரு குறையும் உண்டு. பண்டாரத்துக்குப் போன பங்கு பிறகு எதற்குச் செலவானது என்று கல் சொல்லாது. அதைக் கேட்கும் உரிமை அன்றைக்கு யாருக்கும் இருக்கவில்லை.

அந்தக் கேள்விக்குக் கடலுக்கு அப்பால், அதற்கும் முந்திய காலத்தில் ஒரு பதில் இருந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள். குடவோலை முறையை எல்லோரும் படித்திருப்போம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுபிள்ளையைக் கொண்டு எடுப்பித்துத் தெரிவு செய்தார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் யார் நிற்கமுடியாது என்று அதே கல் சொல்வதை நாங்கள் அவ்வளவாகப் படிப்பிப்பதில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கமுடியாது. அவன் மட்டுமில்லை, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கமுடியாது.

அது பிராமணர்களின் சபை. நிலமும் வீடும் உள்ள ஆண்களுக்கு மட்டும் இடம். அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "கணக்குக் காட்டாதவன் பதவிக்கு வரக்கூடாது" என்ற ஒரு வரியை 1100 வருடங்களுக்கு முன்பே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

இனி எங்கள் கரைக்குத் திரும்புவோம். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். தோம்பு என்ற காணிப் பதிவேடு இவர்கள் காலத்து விஷயம். யாருக்கு எவ்வளவு காணி, யார் என்ன வரி, யார் என்ன ஊழியம் என்று நுணுக்கமாக எழுதினார்கள். எங்கள் தீவுகளின் பெயர்களைக்கூட மாற்றிவிட்டார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆனது. வேலணைத் தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். இதில் நெடுந்தீவின் டெல்ப்ட் மட்டும் இன்றைக்கும் ஆங்கிலத்தில் நிற்கிறது. கணக்கு மிகத் திறமாகத்தான் எழுதப்பட்டது. ஆனால் அதை வாசித்தவர்கள் பத்தேவியாவிலும் ஒல்லாந்திலும் இருந்தார்கள். வரி கட்டியவன் இங்கே இருந்தான்.

பிரித்தானியர் காலத்திலும் அதே கதை. 1848இல் வீதிச் சட்டம் ஒன்று வந்தது. வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது அதற்குப் பதிலாகக் காசு கட்டவேண்டும். அந்த வருடம் மாத்தளைப் பக்கம் வெடித்த கிளர்ச்சிக்கு இப்படியான வரிகளும் ஒரு காரணம். சனங்களிடம் கேட்காமல், சனங்களுக்குச் சொல்லாமல் போட்ட வரி. 1871இல் கிராமச் சபைகளுக்கான சட்டம் வந்தது. பிறகு மெல்ல மெல்ல ஊர்ச் சங்கங்களும் கிராமசபைகளும் வளர்ந்தன. கிணறு, ஒழுங்கை, சந்தை எல்லாம் ஊர் ஆட்களின் கைக்கு வந்தன. அக்கிராசனர் பக்கத்து வளவுக்காரர். கணக்கில் பிழை என்றால் படலையடியில் நின்று கேட்கலாம்.

1981இல் கிராமசபைகளும் பட்டினசபைகளும் இல்லாமல் போயின. மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அந்தத் தேர்தல் நடந்த நாட்களில்தான் யாழ் நூலகம் எரிந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாகின. ஆனால் யுத்தம். எங்கள் தீவுப் பகுதிச் சபைகளுக்குத் தேர்தல் நடந்தது நான்கே முறை: 1998, 2011, 2018, 2025. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபிறகு 2025 மே வரை மறுபடியும் உறுப்பினர்கள் இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். ஒரு தலைமுறை முழுக்க, சபை என்றால் வரி கட்டப் போகும் கந்தோர் என்று மட்டும் அறிந்து வளர்ந்துவிட்டது. கணக்குக் கேட்கும் பழக்கம் அப்படித்தான் விட்டுப்போனது.

இதில் என் வீட்டுக் கதையும் உண்டு. 1990 ஒக்டோபரில் நாங்கள் வடக்கைவிட்டு வெளியேற்றப்பட்டபோது உம்மா நகையைத் தேடினா, வாப்பா ஒரு தகரப் பெட்டியைத் தேடினார். அதற்குள் சபைக்கு வரி கட்டிய பழைய பற்றுச்சீட்டுகள் இருந்தன. "இந்தக் குப்பையை எதுக்கு?" என்று உம்மா கேட்டா. இருபது வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து, "இது எங்கட வளவு" என்று நிரூபிக்க நின்றபோது, அந்தக் குப்பைதான் முதலில் பேசியது. வரி கட்டிய துண்டு, "இந்த ஊர் என்னுடையது" என்று சொல்லும் துண்டும்தான் என்பதை அன்றைக்கு விளங்கிக்கொண்டேன். அப்படியானால் அந்தக் காசு எங்கே போனது என்று கேட்பதும் அதே உரிமையின் மற்றப் பாதி.

எனக்கு அந்தப் பிரதி எப்படிக் கிடைத்தது என்றும் சொல்லவேண்டும். முதலில் ஒரு சபைக் கந்தோருக்குப் போய் வாயால் கேட்டேன். "சேருக்கு இது எதுக்கு?" என்றார்கள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்கள். இதற்கு முன் யாரும் வந்து கேட்கவில்லையாம். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்தேன். பிரதி வந்தது. அவர்களில் பிழை பாதி, கேட்காத எங்களில் பிழை பாதி.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச சபையும் அதற்குள் அடங்கும். தமிழில் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ளவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் கொழும்பில் ஆணைக்குழு. இதைவிட, அடுத்த வருட வரவு செலவுத்திட்டம் சபையில் வருமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. சபைகளின் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகம் பரிசோதிக்கிறார். கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போக ஆளில்லை.

இந்தியாவில் அந்தக் கதவைத் திறப்பித்தவர்கள் படித்த ஆட்கள் மட்டுமில்லை. ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்குக் கூலி சரியாகக் கிடைக்காத கூலியாட்களும் விவசாயிகளும் 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பில் சேர்ந்தார்கள். அருணா ராய் அவர்களோடு நின்றார். 1994 டிசெம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் கூட்டம் வைத்து, சம்பளப் பட்டியலையும் பில்லையும் உரத்து வாசித்தார்கள். வேலைக்கே போகாதவரின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது ஊருக்கு முன் வெளியே வந்தது. அங்கிருந்து வளர்ந்த கோரிக்கைதான் 2005இல் இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டமானது. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் கணக்கு விளங்கும். யாராவது உரத்து வாசிக்கவேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கும் இது புதிதில்லை. பள்ளிவாசல் நிர்வாகம் கணக்குச் சொல்லாவிட்டால் ஜும்ஆ முடிந்ததும் கேட்கிறோம். கோயில் திருவிழாக் கணக்கு ஒரு கிழமை பிந்தினால் கனடாவிலிருந்து போன் வருகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியதுதான். சபைக் கணக்குக்கு மட்டும் ஏன் இந்த மௌனம்? 2020 டிசெம்பரில் யாழ் மாநகரசபையின் பாதீடு இரண்டு தடவை தோற்று முதல்வர் பதவி போனபோது, தேநீர்க் கடையெல்லாம் அடுத்த முதல்வர் யார் என்ற பேச்சு. தோற்ற பாதீட்டுக்குள் என்ன இருந்தது என்று என் காதுபடக் கேட்டவர் ஒருவருமில்லை.

சரி, என்ன கேட்பது? நான் பிள்ளைகளோடு இருந்து பிரித்துப் படித்ததில், இந்த நான்கு கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது.

1. சபையின் சொந்த வருமானம் எவ்வளவு, அரசாங்கத்திடமிருந்து வருவது எவ்வளவு? சோலைவரி, வியாபார உரிமம், சந்தைக் குத்தகை எல்லாம் சொந்த வருமானம். பாதி வளவுகள் பூட்டிக் கிடக்கும் எங்கள் தீவுகளில் இது சின்னத் தொகைதான். அதைத் தெரியாமல் சபையைத் திட்டுவதும் நியாயமில்லை.

2. வராத வரி, வராத குத்தகை எவ்வளவு? யார் கட்டவில்லை என்பதைவிட, எத்தனை வருடமாக நிற்கிறது என்று பாருங்கள்.

3. மீண்டெழும் செலவு எவ்வளவு, மூலதனச் செலவு எவ்வளவு? முதலாவது சம்பளம், எரிபொருள், மின்சாரம் போன்றது. இரண்டாவது புது வேலை. எங்கள் ஒழுங்கைக்கு இடமிருந்தால் இதற்குள்தான் இருக்கும்.

4. போன வருடம் போட்ட மதிப்பீடு எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு? பொய்யும் சோம்பலும் இருந்தால் இந்த இரண்டு நிரல்களுக்கும் இடையில்தான் தெரியும்.

உங்கள் சபை எது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நயினாதீவும் புங்குடுதீவும் வேலணை பிரதேச சபைக்குள். அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறை பிரதேச சபைக்குள். நெடுந்தீவுக்கும் காரைநகருக்கும் தனித்தனிச் சபை. பிரதான வீதிகள் வேறு திணைக்களங்களுடையவை. அதற்குத் தவிசாளரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தகம் முழுவதையும் வேண்டாம். ஒரே ஒரு பக்கம். மேலே சொன்ன நான்குக்கும் பதில், பெரிய எழுத்தில், தமிழில். குறிகட்டுவான் இறங்குதுறையில், நெடுந்தீவு மாவிலித் துறையில், ஊர்காவற்றுறை பஸ் நிலையத்தில் ஒட்டிவிடுங்கள். படகுக்கு நிற்கிற நேரத்தில் சனம் வாசிக்கும். ஒரு மன்னன் கல் வெட்டுவித்துச் செய்ததை நீங்கள் ஒரு தாளில் செய்யலாம்.

பிள்ளைகள் தாங்களாகவே அந்த ஒரு பக்கத்தைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வகுப்புச் சுவரில் ஒட்டப்போகிறார்களாம். முடிந்ததும் படம் எடுத்து இங்கே போடுகிறேன். பிழை இருந்தால் கருத்தில் சொல்லுங்கள், திருத்துவோம். உங்கள் சபையின் கணக்கு உங்களிடம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். பிள்ளைகள் வாசித்துச் சொல்லுவார்கள்.