இரு விலைகளில் ஒரு கூலி: பீர்க்கன்கரணைக் கட்டடத் தொழிலாளரும் மாநில ஒப்பீடும்

வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் பெறும் கூடுதல் கூலியில் கணிசமான பகுதியை இங்குள்ள விலைவாசியே விழுங்கிவிடுகிறது என்பது ஆய்வாளருள் ஒரு சாராரின் முடிவு. அதற்கு அடிப்படையான கணக்கு பிழையுடையது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23இல் ஊரகக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி தமிழ்நாட்டில் 500.9 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 278.7 ரூபாய். வேறுபாடு ஏறத்தாழ 80 விழுக்காடு. விலை வேறுபாட்டைக் கழிக்க அந்த ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வது டெண்டுல்கர் முறைப்படி திட்டக் குழு கணித்த 2011-12 வறுமைக்கோடுகளை. மத்தியப் பிரதேச ஊரகத்துக்கு மாதம் தலைக்கு 771 ரூபாய். தமிழ்நாட்டு நகர்ப்புறத்துக்கு 937 ரூபாய். தமிழ்நாட்டுக் கூலியை இவற்றின் விகிதத்தால் (1.215) வகுத்தால் 80 என்பது 48 ஆகச் சுருங்கும். நுகர்வோர் விலைக் குறியீட்டால் வகுப்போரும் உண்டு. எல்லா மையங்களும் அடியாண்டில் 100 என்றே தொடங்குவதால் அது இடங்களை ஒப்பிட உதவாது.

வறுமைக்கோட்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வாடகைக்கும் போக்குவரத்துக்கும் விலைக் குறியீடு கணிக்க இயலாமல், குடும்பங்கள் உண்மையில் செலவிட்ட பங்கையே டெண்டுல்கர் குழு சேர்த்தது. ஆக, அதிலுள்ள வாடகை குடும்பமாக வாழ்வோரின் வாடகை. 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த பீர்க்கன்கரணையிலும் அதை ஒட்டிய ஜி.எஸ்.டி. சாலைப் பகுதிகளிலும் தனியாக வரும் தொழிலாளி குடும்பமாக வாழ்பவர் அல்லர். ஷீட் கூரை போட்ட ஒரே அறையில் பலர் தங்கி, வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறார்கள். கேன் தண்ணீரும் சிலிண்டரும் பொது, சமையல் முறைவைத்து. மிச்சப் பணம் ஊருக்குப் போகிறது. அங்கே அரிசி வாங்குவதும் கடன் அடைப்பதும் ஊர் விலையில்தான். சென்னை விலைக்கு அதில் வேலையில்லை.

எனவே கூலியை இரண்டாகப் பிரித்தே மதிப்பிட வேண்டும். பாதி இங்கும் பாதி ஊரிலும் செலவாவதாக வைத்துக்கொண்டால் (இது விளக்கத்துக்கான விகிதமே, கள அளவீடு அன்று) மெய்யான உயர்வு 48 அன்று, 64 விழுக்காடு. வாடகையைப் பங்கிடுவதால் கிடைக்கும் சேமிப்பைக் கணக்கில் கொண்டால் அது இன்னும் கூடும்.

வறுமைக்கோடு பழையது, கூலி புதியது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அது முந்தைய கணக்கையும் அதே அளவு பாதிக்கும். ஊரகக் கூலியை நகர்ப்புறத்துக்குப் பொருத்தலாமா என்ற கேள்வி எங்களை அதிகம் தடுக்கவில்லை. நகர்ப்புறக் கூலி பொதுவாக அதற்கு மேல்தான். மழைக்கால வேலையிழப்பும் மேஸ்திரியின் பிடித்தமும் பெரிய குறைகள். அவை கைக்கு வரும் தொகையைக் குறைக்குமேயன்றி, முழுக் கூலியையும் தமிழ்நாட்டு விலையால் வகுப்பதை நியாயப்படுத்தா.

மனைவி மக்களை அழைத்து வந்து, அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிப்பவருக்கு மட்டுமே பழைய கணக்கு ஓரளவு பொருந்தும். தனியாக வந்து, ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளியின் மெய்க்கூலியை அளக்க அதைப் பயன்படுத்துவதை ஆய்வாளர்கள் நிறுத்த வேண்டும்.