வங்காளத்துக் குழாய்க்கிணறுகள்

நீரின் தூய்மையைக் கண்ணாலும் நாவாலும் துணிதல் மக்கள் இயல்பு. இரும்பு கலந்த நீர் செம்மையுறும், ஆடையிற் கறை படியும், சுவையும் கெடும். ஆதலின் அதனை எவரும் எளிதில் அறிவர். ஆயின், புலனுக்கு எட்டாத கேடும் உண்டென்பதற்கு வங்காளதேச வரலாறு சான்றாகும்.

அந்நாட்டுக் கிராமத்தவர் நெடுங்காலம் குளத்து நீரையே பருகினர். வாந்திபேதியும் வயிற்றுளைவும் குழந்தைகள் பலரைக் கொன்றன. இதனைத் தடுக்கும் பொருட்டு 1970களில் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் துணையுடன் குழாய்க்கிணறுகள் பெருந்தொகையாக அமைக்கப்பட்டன. தெளிந்த நீர் கிடைத்தது. ஆயினும், நீரில் ஆசனிக்கு உண்டோவெனச் சோதிக்கும் வழக்கம் அக்காலத்தில் இருக்கவில்லை.

அயலிலுள்ள மேற்கு வங்காளத்தில், 1983ஆம் ஆண்டில், தோல்நோய் வைத்தியர் கே. சி. சாகா நோயாளரிடம் இந்நஞ்சின் அடையாளங்களைக் கண்டார். வங்காளதேசக் கிணறுகளிலும் அது உளதென்பது 1993இலேயே தெரியவந்தது.

காரணம் யாது? இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில், இரும்பொட்சைட்டுடன் ஆசனிக்கு ஒட்டிக் கிடக்கின்றது. ஒட்சிசனற்ற நிலத்தடியில் நுண்ணுயிர்கள் அவ்வொட்சைட்டைக் கரைக்க, இரண்டும் நீரிற் சேர்கின்றன. குடத்தில் வைத்த நீரில் இரும்பு காற்றுப்பட்டுச் செம்மண்டியாய்ப் படியும்; ஆசனிக்கின் ஒரு பகுதியும் அதனுடன் இறங்கும். எஞ்சியது தெளிநீரில் மறைந்திருக்கும்.

உலக சுகாதார தாபனம் விதந்துரைத்த எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். வங்காளதேசம் கொண்ட எல்லை 50. பின்னர் கிணறுகளைச் சோதித்து, நச்சுடையவற்றுக்குச் சிவப்பும் ஏனையவற்றுக்குப் பச்சையும் தீட்டினர்.

கிணறு தந்தோர் நன்மையே நாடினர். அவை உயிர்களைக் காத்ததும் மெய்யே. எனினும், நன்னோக்கம் சோதனைக்கு ஈடாகாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.