கடைசி இரண்டு நிமிடம்: சேப்பாக்கத்தில் இருந்து கோவில்பட்டி வரை

1/
சில மாசம் முன்னாடி ஓபி-க்கு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. பள்ளிக்கூட ஹாக்கி பிளேயர். பத்து நாளா தூக்கம் இல்ல, சரியா சாப்பாடும் இல்ல. பல்ஸ், பிபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல்.

பையன் வாயே திறக்கல. அப்பாதான் சொன்னார்: "ஷூட்அவுட்ல கடைசி சான்ஸ் இவனுக்கு டாக்டர். தினமும் போடுற கோல்தான். ஊரே பாத்துக்கிட்டு இருக்கும்போது கோட்டை விட்டுட்டான். பயந்தாங்கொள்ளிப் பய."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் பையன் தலை இன்னும் குனிஞ்சது. அந்த வார்த்தைக்காகத்தான் இந்த நீண்ட இழை.

2/
எனக்குச் சொந்த ஊர் கடம்பூர். ரயில்ல போறவங்களுக்கு கடம்பூர்னா போளி. எங்களுக்குக் கரிசல் காடு, உளுந்து, பருத்தி, அப்புறம் மேட்ச் நடந்தா டிவி இருக்கிற வீட்டுத் திண்ணை.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கம் டெஸ்டின் நாலாம் நாள். பாகிஸ்தானுக்கு எதிரா இந்தியா ஜெயிக்க 271 ரன் வேணும். 82 ரன்னுக்கு 5 விக்கெட் காலி. அங்கிருந்து சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தாங்க. மோங்கியா 52-ல் அவுட். சச்சின் முதுகுப் பிடிப்போட நின்னு ஆடினார்.

3/
ஸ்கோர் 254. இன்னும் 17 ரன்தான். சக்லைன் முஷ்தாக் பந்தைத் தூக்கி அடிச்சார் சச்சின். வாசிம் அக்ரம் கையில் கேட்ச். 136 ரன்னோட அவுட்.

அதுக்கப்புறம் வந்தது நாலே ரன். 258-ல் ஆல் அவுட். 12 ரன்ல தோல்வி. கடைசி நாலு விக்கெட்டும் அந்த நாலு ரன்னுக்குள்ள போயிருச்சு. சென்னை ரசிகர்கள் எழுந்து நின்னு பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினது இன்னிக்கும் நமக்குப் பெருமை.

எங்க ஊர்த் திண்ணையில யாரும் கைதட்டல. பெரியப்பா டிவியை அணைச்சிட்டு, "எப்பவும் கடைசில கைவிட்டுருவானுங்க"ன்னார். ரொம்ப வருஷம் நானும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன்.

4/
அடுத்த வருஷம் 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் ஹாக்கி. போலந்தை ஜெயிச்சா இந்தியா அரையிறுதிக்குப் போகும். 1-0ன்னு முன்னாடி இருந்தோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாதப்போ போலந்து கோல் போட்டது. 1-1. இந்தியா வெளியே. அதே பிரிவில் இருந்து முன்னேறின தென்கொரியா வெள்ளிப் பதக்கமே வாங்கிச்சு.

அந்த அணியில் தன்ராஜ் பிள்ளை இருந்தார். புனே பக்கத்துல கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நாலு ஒலிம்பிக்ஸ் ஆடியும் கடைசி வரைக்கும் ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கல.

5/
2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி இன்னும் கொடுமை. லீக் சுற்றில் மட்டும் இந்தியா போட்ட கோல் 76. வாங்கினது 3. ஹாங்காங்குக்கு எதிரா 26-0.

அரையிறுதியில் மலேசியா. 2-1ன்னு முன்னிலை. ஹாக்கி இப்போ 60 நிமிஷ ஆட்டம். 59-வது நிமிஷத்துல மலேசியா சமன் செய்தது. ஷூட்அவுட்டில் 7-6ன்னு ஜெயிச்சும் போச்சு.

76 கோல் போட்ட அதே கைகள்தான். திறமை ஒரு ராத்திரியில காணாமப் போகாது. அப்போ காணாமப் போனது எது?

6/
இதுக்குப் பதில் தேடினா கோல்ஃப் பக்கம் போகணும். நம்ம ஊர்ல யாரும் அதிகம் பார்க்காத ஆட்டம்தான். ஆனா இந்த விஷயத்துக்கு அதுதான் சரியான ஆய்வுக்கூடம். பந்து அசையாம கிடக்கு. எதிராளி குறுக்கே வர மாட்டான். தோத்தா பழி போட வேற ஆளே கிடையாது. யோசிக்க மட்டும் நிறைய நேரம் இருக்கும். விஷமே அந்த நேரம்தான்.

7/
1996 மாஸ்டர்ஸ் போட்டி. ஆஸ்திரேலியாவின் கிரெக் நார்மன் கடைசி நாளை 6 அடி முன்னிலையோட ஆரம்பிச்சார் (கோல்ஃபில் எத்தனை அடியில் பந்து குழிக்குள் போகுதுங்கிறதுதான் கணக்கு, குறைவா அடிச்சவருக்கு வெற்றி). அன்னிக்கு அவர் 78, கூட ஆடின நிக் ஃபால்டோ 67. ஆறு அடி முன்னாடி இருந்தவர் அஞ்சு அடி பின்னாடி முடிச்சார்.

1999 பிரிட்டிஷ் ஓப்பன். பிரான்சின் ஜான் வான் டி வெல்ட். கடைசிக் குழி மட்டும் பாக்கி, மூணு அடி முன்னிலை. ஆறு அடியில் முடிச்சாலே கோப்பை. எடுத்தது ஏழு. பிளேஆஃபில் பால் லாரி ஜெயிச்சார்.

8/
சரி, உடம்புக்குள்ள என்ன நடக்குது?

ஆபத்துன்னு மூளை நினைச்சா அட்ரினலின் பாயும். இதயம் வேகமா அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், விரல் நடுங்கும். ஓடுறதுக்கும் சண்டை போடுறதுக்கும் இது நல்ல ஏற்பாடு. நுணுக்கமான விரல் வேலைக்கு எமன். பதற்றம் ஓரளவு வரைக்கும் உதவும், அதுக்கு மேல கெடுக்கும்னு 1908-லேயே யெர்க்ஸ், டாட்சன்னு ரெண்டு பேர் எலிகளை வெச்சு ஆய்வு பண்ணி எழுதிட்டாங்க.

9/
ஆனா பெரிய சேதம் கையில இல்ல, கவனத்துல.

எங்க பக்கத்துல வீட்டுத் திண்ணையில உக்காந்து தீப்பெட்டி ஒட்டுற அக்காக்களைப் பாத்திருப்பீங்க. கதை பேசிக்கிட்டே கை மின்னல் மாதிரி போகும். "அக்கா, எந்த விரலால மடிக்கிறீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. அந்த நொடியே கை தடுமாறும்.

பழகின வேலையை மூளையின் ஆழமான பகுதிகள் தானாவே நடத்தும். பயம் வந்ததும் மூளையின் முன்பகுதி, புதுசா வந்த மேனேஜர் மாதிரி, ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்க ஆரம்பிச்சிடும். வேலை அங்கதான் கெடுது.

10/
ஷான் பெய்லாக்ங்கிற அமெரிக்க உளவியலாளர் இதை கோல்ஃப் பந்தை வெச்சே சோதிச்சார். அனுபவசாலிகளை "உன் கை அசைவைக் கவனிச்சு அடி"ன்னு சொன்னப்போ மோசமா ஆடினாங்க.

தாமஸ் கார் என்பவரோட சேர்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியம். புதுசா கத்துக்கிறவங்களில் ஒரு பகுதியினருக்கு வீடியோ கேமரா முன்னாடியே பயிற்சி. மத்தவங்களுக்கு கேமரா இல்லாம. பிற்பாடு நெருக்கடி கொடுத்துச் சோதிச்சப்போ, கேமராவுக்குப் பழகினவங்க சரியல.

தடுப்பூசி மாதிரிதான். சின்ன அளவுல முன்கூட்டியே கொடுத்தா, பெருசா வரும்போது உடம்பு தாங்கும்.

11/
என் கதையும் சொல்லிடுறேன். ஹவுஸ் சர்ஜன் காலத்துல, ராத்திரி டூட்டி. வயித்துப்போக்குல நீர்ச்சத்து வத்திப்போய் ஒரு குழந்தை. நரம்பு கிடைக்கணும். நூத்துக்கணக்குல ஊசி போட்ட கைதான். சுத்தி நின்ன சொந்தக்காரங்க என் விரலையே பாக்குறாங்க. ரெண்டு தடவை தவறிடுச்சு. கை வேர்த்து கிளவ்ஸ் வழுக்குது.

பக்கத்துல நின்ன ஸ்டாஃப் நர்ஸ் அக்கா மெதுவா சொன்னாங்க: "டாக்டர், மூச்சை மெல்ல விட்டுட்டு, எப்பவும் போல போடுங்க." மூணாவது தடவை ஏறிடுச்சு. குழந்தை பிழைச்சது.

அன்னிக்கு அந்த அக்கா "இதுகூட வராதா?"ன்னு கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் யோசிப்பேன்.

12/
"மாத்திரை இருக்கா டாக்டர்?"னு கேப்பீங்க. இதயப் படபடப்பைக் குறைக்கிற புரோப்ரனலால் இருக்கு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் அதை எடுத்த வடகொரிய துப்பாக்கி வீரர் ஒருத்தருக்கு ரெண்டு பதக்கமும் பறிபோச்சு. கோல்ஃப் போட்டிகளிலும் அதுக்குத் தடை.

ஆஸ்துமா இருக்கிறவங்க எடுத்தா உயிருக்கே ஆபத்து ஆகலாம். பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கிக் கொடுக்காதீங்க.

13/
இப்போ வரலாற்றின் மறுபக்கம்.

2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. வெண்கலத்துக்கான ஆட்டம். ஜெர்மனிகிட்ட 3-1ன்னு பின்தங்கி இருந்த இந்தியா 5-4ன்னு முன்னேறிடுச்சு. ஆட்டம் முடிய சில நொடிதான். ஜெர்மனிக்கு பெனால்டி கார்னர். மறுபடியும் அதே சிட்னி, அதே ஜகார்த்தா. ஆனா இந்த முறை ஸ்ரீஜேஷ் தடுத்துட்டார். 41 வருஷத்துக்கு அப்புறம் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம்.

14/
2023 ஆகஸ்ட் 12, சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி இறுதி. எதிரே அதே மலேசியா. பாதி ஆட்டத்துல நாம 1-3. முடிவு 4-3. வெற்றி கோல் 56-வது நிமிஷம். கடைசில கைவிட்டது இந்த முறை அவங்க. பதற்றத்துக்குத் தேசம், ஜாதி, ரத்தம் எதுவும் கிடையாது.

அந்த இந்திய அணியில் இருந்த கார்த்தி செல்வம், அரியலூர்ல பிறந்து கோவில்பட்டியில் பயிற்சி எடுத்தவர். எங்க ஊர்ல ரயில் ஏறினா குமாரபுரம் தாண்டி கோவில்பட்டி. அந்த மைதானத்துல இருந்து போன பிள்ளை.

15/
அந்தத் தொடருக்கு அணியோட மனப்பயிற்சியாளர் பேடி அப்டன். அடுத்த வருஷம் நம்ம சென்னைப் பையன் குகேஷுக்கும் அவர்தான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டமான 14-வது ஆட்டத்துல, டிரா ஆகவேண்டிய நிலையில டிங் லிரென் தன் யானையைத் தப்பான கட்டத்துல வெச்சார். 18 வயசு குகேஷ் உலக சாம்பியன்.

தப்பு பண்ணினவர் அதுவரைக்கும் உலக சாம்பியனா இருந்தவர். அவரையும் பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவோமா?

16/
ரோரி மெக்கில்ராய், 2011 மாஸ்டர்ஸ். கடைசி நாள் 4 அடி முன்னிலையில ஆரம்பிச்சு 80 எடுத்து நொறுங்கினார். ரெண்டே மாசத்துல யுஎஸ் ஓப்பனை 8 அடி வித்தியாசத்துல ஜெயிச்சார். ஆனா அந்த மாஸ்டர்ஸ் கிடைக்க 2025 வரைக்கும் ஆச்சு. 14 வருஷம். ஒரு தோல்விக்கு முடிவுரை எழுத நாம அவசரப்படக் கூடாது.

17/
பையனோட அப்பாகிட்ட இதெல்லாம் சுருக்கமா சொன்னேன். மூணே வேலை கொடுத்தேன்.

ஒண்ணு, பயிற்சியின் கடைசியில, களைச்சுப்போன நேரத்துல, பசங்களைச் சுத்தி நிக்க வெச்சுக் கத்தச் சொல்லி ஷூட்அவுட் பழகட்டும்.
ரெண்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே சடங்கு: மட்டையைத் தரையில ரெண்டு தட்டு, நீளமா ஒரு மூச்சு விடுறது, அப்புறம் ஓடுறது.
மூணு, அந்த வார்த்தையை வீட்டுல யாரும் சொல்லக் கூடாது.

மூணாவதுதான் கஷ்டம்னார். உண்மைதான்.

18/
ஒரு மாசம் கழிச்சு பஸ் ஸ்டாண்ட்ல அவரைப் பாத்தேன். அவரே ஓடி வந்து சொன்னார்: "இப்ப நல்லாத் தூங்குறான் டாக்டர். கோல் போடுறானான்னு மட்டும் கேக்காதீங்க."

எனக்கு அது போதும்.

பெரியப்பா இப்போ இல்ல. இருந்தா அந்தத் திண்ணையில உக்காந்து ஒண்ணு சொல்லணும்: அன்னிக்குக் கைவிட்டுட்டாங்கன்னு சொன்னோமே, 82-க்கு 5-ல இருந்து 254 வரைக்கும் தூக்கிட்டு வந்ததும் அதே ஆளுங்கதான் பெரியப்பா.

வீட்டுல பரீட்சை, போட்டி, இன்டர்வியூன்னு தோத்து வந்த பிள்ளைக்குத் தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல சரியாகலைன்னா பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. டெலி மானஸ் 14416-க்கும் கூப்பிடலாம், இலவசம்.