அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?

கல்லூரியில பத்து மார்க்குக்காக ராமச்சந்திரன் வரைபடத்தை வரைஞ்சவன் நான். அது ஒரு விமர்சனத்துல இருந்து பிறந்ததுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

நம்ம எலும்பையும் தோலையும் தாங்கிப் பிடிக்கிற புரதம் கொலாஜன். அது மூணு இழை சேர்ந்த கயிறுன்னு 1954-ல சொன்னவங்க, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அந்தக் கயிற்றுக்குள்ள இடம் ரொம்ப நெருக்கடி. அதனாலதான் ஒவ்வொரு மூணாவது இடத்திலயும், அமினோ அமிலங்கள்லயே சின்னதான கிளைசின் உட்கார்ந்திருக்கு. மரபணுப் பிழையால அங்க பெருசா வேற ஒண்ணு வந்தா முறுக்கு கெடும். லேசா தட்டினாலே எலும்பு முறியுற நோய்கூட வரலாம்.

1955-ல அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், சென்னை மாதிரியில சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குதுன்னு குறை சொன்னாங்க. சரி, அப்போ எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன் அந்தக் கேள்வியையே பிடிச்சுக்கிட்டார். அதுவரைக்கும் வெளியான படிக அமைப்புகளை அலசி, அணுக்களுக்கு நடுவுல இருக்கவேண்டிய குறைந்தபட்ச தூரத்தைக் கணக்கிட்டார். 1963-ல ராமகிருஷ்ணன், சசிசேகரனோட சேர்ந்து, புரத இழை எந்தெந்தக் கோணத்துல திரும்ப முடியும்னு வரைபடமே போட்டுட்டார்.

இன்னைக்கும் ஒரு புரதத்தோட வடிவத்தைப் புதுசா கண்டுபிடிச்சா, அந்த வரைபடத்துல வெச்சு சரிபார்க்கிறாங்க. நான் பத்து மார்க்குக்கு வரைஞ்ச அதே படம்தான்.