சுஹைல் தெரியும் கரை

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குதிரைகளையும் பெருக்க மரத்தையும் பார்த்துவிட்டுப் பின்னேரப் படகில் குறிகட்டுவானுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் இரவுக்காகவே போய்த் தங்கினேன். மாரி மழை ஓய்ந்த மாசி மாதம். பிறை தெரியாத மாதக் கடைசி. நட்சத்திரம் பார்க்க இந்த இரண்டும் கூடிவர வேண்டும். வடகிழக்கே யாழ்ப்பாண நகரின் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்ததைத் தவிர, கடற்கரையில் வேறு ஒளி இல்லை.

கண் இருளுக்குப் பழகியதும் அறுமீன் தெரிந்தது. அதற்கு அரபியில் துறையா என்று பெயர். அதன் பின்னே ரோகிணி. அரபியில் அல்தபரான், அதாவது பின்தொடர்வது. வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 10 பாகைக்குள் தாழ்ந்து நின்றது. தெற்கே, நாம் அகத்தியர் என்றும் அரபிகள் சுஹைல் என்றும் அழைக்கும் பெரிய வெள்ளி.

ஒரு காலத்தில் கடலில் போகிறவனுக்கு இவைதான் வழி. அரபு மாலுமிகள் கமால் என்ற சிறு பலகையைக் கண்முன் பிடித்துத் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்தார்கள். பலகையில் கட்டிய நூலின் முடிச்சுகள் தெரிந்த துறைமுகங்களைக் குறித்தன. 15ஆம் நூற்றாண்டில் அஹ்மத் இப்னு மாஜித் கடலோடும் கலையை நூலாக எழுதிவைத்தார். நமது ‘மாலுமி’ என்ற சொல்லே அரபியின் ‘முஅல்லிம்’தான். ஓதிக்கொடுப்பவருக்கும் கப்பலுக்கு வழி சொல்பவருக்கும் ஒரே பெயர்.

பிற நாட்டுக் கப்பல்கள் இத்தீவுகளுக்கு வந்ததற்குக் கல்லே சாட்சி. மறுநாள் நயினாதீவுக்குப் போனேன். அங்கு நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறிப்பித்த ஆணை. 1963இல் பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் பதிப்பித்தார். ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்பட வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவருக்கு. வாணிபக் கப்பலென்றால் பாதிக்குப் பாதி. அந்தப் பரதேசிகள் எந்த மார்க்கத்தவர் என்று அரசன் கேட்கவில்லை.

அதன் முன் நின்றபோது எனக்கு வேறொரு இரவு நினைவுக்கு வந்தது. 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நாங்கள் பரதேசிகள் அல்லர். அந்த மண்ணில் பிறந்தவர்கள். தெற்கே போன லொறியில் உம்மாவின் மடியில் கிடந்தேன். நிலா சாய்ந்த பின்னிரவில், போகிற திசையில் ஒரு பெரிய வெள்ளி தெரிந்தது. அது சுஹைல் என்று வெகுகாலம் கழித்தே அறிந்தேன்.

நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய, காற்றாலை மின்சாரம் வழங்க 2024இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வரட்டும். போர்க்காலத்தில் குப்பி விளக்கில் படித்தவன் இருளைப் புகழ மாட்டேன். தெருவிளக்கின் ஒளியைத் தரையை நோக்கி மறைத்து வைத்தால் வெளிச்சமும் கிடைக்கும், வானமும் மிஞ்சும்.

உங்கள் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். பகலில் கல்லைக் காட்டுங்கள். இரவில் சுஹைலைக் காட்டுங்கள். வந்தவரைக் காக்கச் சொன்ன மண்ணில் இருந்தவருக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.