மேய்ச்சலின் மஞ்சள்

வெண்ணெய்க்கு மஞ்சள் எங்கிருந்து வருகிறது? புல்லில் இருந்து. பச்சைப் புல்லின் கரோட்டின் பசும்பாலின் கொழுப்பில் வந்து தங்குகிறது. பனிக்காலத்தில் மாட்டைக் கொட்டிலில் அடைத்துக் காய்ந்த தீவனம் போட்டால் வெண்ணெய் வெளுத்துவிடும். மேய்ச்சலின் இந்த அடையாளம் கணக்கிலிருந்து எப்படி அழிந்தது என்பதை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில வரலாற்றில் வாசிக்கலாம்.

1890இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாப்காக் பாலின் கொழுப்பை அளக்க எளிய சோதனை ஒன்றைக் கண்டார். பாலில் கந்தக அமிலம் ஊற்றிச் சுழற்றினால் கொழுப்பு குப்பியின் கழுத்தில் ஏறி நிற்கும். அதுவரை எடைக்குத்தான் காசு. தண்ணி கலந்தவனுக்கே லாபம். அந்த அநியாயத்தை இந்தக் குப்பி ஒழித்தது. பாப்காக் காப்புரிமைகூட கேட்கவில்லை. ஆனால் அமிலம் மற்றதையெல்லாம் கரைத்துவிட்டு ஒற்றை எண்ணை மிச்சம் வைத்தது. 'எவ்வளவு கொழுப்பு' என்ற கேள்வி 'என்ன கொழுப்பு' என்பதை விழுங்கியது.

வெளுத்த பனிக்கால வெண்ணெய்க்குச் சாயம் போட்டார்கள். மார்கரின்காரன் அதையே செய்தபோது அது மோசடி! 1895 முதல் 1967 வரை விஸ்கான்சினில் மஞ்சள் மார்கரின் விற்பது குற்றம். அசலுக்கும் போலிக்கும் சண்டை என்றார்கள். பனிக்காலத்தைப் பொறுத்தவரை புல்லே பார்க்காத இரண்டு மஞ்சள்களின் சண்டைதான் அது.

1999இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பசுவின் தீனியில் மூன்றில் ஒரு பங்கு மேய்ச்சல் என்றால், ஒரு கிராம் பால் கொழுப்பில் இணைந்த லினோலெயிக் அமிலம் 8.9 மில்லிகிராம், இரண்டு பங்கென்றால் 14.3; முழுக்க மேய்ந்தால் 22.1. புல்லின் லினோலெனிக் அமிலத்தை இரைப்பையின் நுண்ணுயிர்கள் மாற்றித்தர, மடி அதை முடித்துவைக்கிறது. இது மனித உடம்புக்கு எவ்வளவு நல்லது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கொழுப்பே வேறாகிறது என்பதில் விவாதமில்லை. பாப்காக்கின் குப்பிக்கு அது தெரியாது.

நம்மூர் பால் சொசைட்டியிலும் கொழுப்புக்கும் இதர சத்துக்கும்தான் விலை. மாடு எங்கே மேய்ந்தது என்று கேட்க ரசீதில் கட்டம் கிடையாது. மேய்ச்சல் புறம்போக்கு கைமாறினாலும் அந்த ரசீதில் எதுவும் மாறப்போவதில்லை. கணக்கில் வராத நிலத்தைப் பறிப்பது சுலபம்.